பழைய டயர் வண்டியும் புதிய பெல்ட் வண்டியும்: நெல் அறுவடை இயந்திரங்களை ஒப்பிடத் தொடங்குவோருக்கு

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில், கதிர் முற்றித் தலை சாயும் நேரத்தில் உழவர்களிடையே தவறாமல் எழும் கேள்வி, கழனிக்கு டயர் சக்கரங்களில் ஓடும் டயர் வண்டியை அழைப்பதா, சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டைகளில் ஓடும் பெல்ட் வண்டியை அழைப்பதா என்பதுதான். பேச்சு பெரும்பாலும் மணி வாடகையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த இரண்டு வண்டிகளுக்கும் பின்னால் இரண்டு வெவ்வேறு தலைமுறைப் பொறியியல் இருக்கிறது. அந்த வேறுபாடு தெரிந்தவருக்கு, மணி வாடகை என்பது கணக்கின் ஒரு பகுதி மட்டுமே என்பதும், கீழே சிந்திய நெல்லும் மிதிபட்ட வைக்கோலும் குழி விழுந்த மண்ணும் மீதிக் கணக்கு என்பதும் எளிதில் விளங்கும்.

அறுத்தல், கதிரடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று வேலைகளையும் நகர்ந்துகொண்டே ஒரே ஓட்டத்தில் முடிப்பதால்தான் இதனைக் கூட்டு அறுவடை இயந்திரம் என்கிறோம். இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹைரம் மூர் என்பவர் 1830களிலேயே குதிரைகள் இழுக்கும் கோதுமை அறுவடை இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். தன் எஞ்சினால் தானே ஓடும் இயந்திரங்கள் 1930களின் இறுதியிலும் 1940களிலும் மாசி ஹாரிஸ் நிறுவனத்தின் வழியாகப் பரவின. இந்தியாவில் 1980இல் ஸ்வராஜ் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை வெளிக்கொணர்ந்தது. பஞ்சாபின் பரந்த, காய்ந்த கோதுமை வயல்களை மனத்தில் வைத்து வளர்ந்த அந்த வடிவமே நாம் டயர் வண்டி என்று அழைப்பது. சேற்று நெல்லை மனத்தில் வைத்து ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் வடிவமைத்தவை பெல்ட் வண்டிகள். கிளாஸ் நிறுவனத்தின் கிராப் டைகர், குபோட்டாவின் டிசி வரிசை ஆகியவை நம் பக்கம் பலரும் பார்த்திருக்கக்கூடியவை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டயர் வண்டி என்றால் பழையது, பெல்ட் வண்டி என்றால் புதியது என்பது பேச்சு வழக்குக்குச் சரி. தயாரித்த ஆண்டைப் பார்த்தால் அது பல நேரங்களில் பொருந்தாது. இன்று தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் டயர் வண்டிகளில் பலவும் பழைய உள்ளமைப்பையே கொண்டிருக்கின்றன. பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பெல்ட் வண்டிகளும் நம் ஊர்களுக்கு வாடகைக்கு வருகின்றன. ஆகவே பிறந்த ஆண்டைக் கேட்பதைவிட உள்ளே இருக்கும் அமைப்பைக் கேட்பதே பயன் தரும்.

அந்த உள்ளமைப்பை ஒரு நெல்மணி செல்லும் வழியாகப் பார்த்தால் எளிதில் புரியும். முன்னால் சுழலும் ரீல் பயிரைத் தன் பக்கம் வளைத்துக் கொடுக்க, அதன் கீழே இடமும் வலமுமாக ஓடும் கத்திப் பட்டை தாளை அறுக்கிறது. அறுந்த பயிரைத் திருகு உருளை ஒன்று நடுவே கூட்ட, சங்கிலிப் பட்டை அதனை மேலே ஏற்றிக் கதிரடிக்கும் டிரம்முக்குள் தள்ளுகிறது. டிரம்முக்கும் அதனைச் சுற்றி வளைந்திருக்கும் கம்பிச் சல்லடைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் மணி கதிரை விட்டுப் பிரிகிறது. இந்த வளைந்த சல்லடையை மெக்கானிக்குகள் கான்கேவ் என்பார்கள். பிரிந்த மணி கீழேயுள்ள ஆடும் சல்லடைகளில் விழ, விசிறிக் காற்று பதரையும் கூளத்தையும் பின்னால் ஊதித் தள்ளுகிறது. சுத்தமான நெல் எலிவேட்டர் வழியே டேங்குக்கு ஏறுகிறது. சரியாகப் பிரியாத துண்டுக் கதிர்கள் மீண்டும் டிரம்முக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. இந்த வரிசை பழைய வண்டியிலும் புதிய வண்டியிலும் ஒன்றுதான். மாறியிருப்பவை இந்த வரிசையின் சில கட்டங்கள் மட்டுமே.

முதல் மாற்றம் டிரம்மில் நிகழ்ந்தது. பழைய அமைப்பில் டிரம் வண்டியின் குறுக்கே கிடக்கிறது. பயிர் ஒரு பக்கம் நுழைந்து, டிரம்மின் சுற்றளவில் ஒரு பகுதியை மட்டும் தொட்டுவிட்டு மறு பக்கம் வெளியேறிவிடுகிறது. நொடியில் சிறு பங்கு நேரமே கிடைப்பதால் அடி வலுவாக விழுந்தாக வேண்டும். அப்படியும் வைக்கோலுக்குள் சிக்கிக்கொண்டு போகும் மணிகளைப் பிரித்தெடுக்க, டிரம்முக்குப் பின்னால் வைக்கோலை மேலும் கீழுமாக உதறிக்கொண்டே செல்லும் நீண்ட தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. காய்ந்த கோதுமைத் தாளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. ஈரம் மிகுந்த, கனத்த நெல் வைக்கோல் இந்தத் தட்டுகளின் மேல் மெத்தைபோல் படியும்போது, மணி கீழே இறங்க வழியில்லாமல் வைக்கோலோடு பின்னால் போய்விடுகிறது.

புதிய அமைப்பில் நீண்ட உருளை ஒன்றைச் சுற்றிப் பயிர் திருகு வழியாகப் பலமுறை சுழன்று, உருளையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்கிறது. இதனை அச்சு வழிப் பாய்வு என்கிறார்கள். பெரிய வண்டிகளில் இம்முறையை நியூ ஹாலண்ட் 1975இலும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977இலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. மணி பிரிவதற்கு நீண்ட தூரமும் பல சுற்றுகளும் கிடைப்பதால், ஒரே அடியில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உதறும் தட்டுகளும் தேவைப்படுவதில்லை. ஆகவே நெல்மணி உடைவதும் உமி உரிவதும் குறைகின்றன. விதை நெல்லுக்குப் பயிரிட்டவர்களும், ஆலையில் முழு அரிசி எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்து விலை பேசப்படும் சன்ன ரகக்காரர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். மறுபுறம், அதே சுழற்சிகள் வைக்கோலை அதிகம் கசக்குகின்றன. உருளையைச் சுற்ற எஞ்சினின் ஆற்றலும் கூடுதலாகச் செலவாகிறது. இந்த இலாபம் விலையில்லாமல் வரவில்லை.

இரண்டாவது மாற்றத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். அறுவடை இயந்திரத்தில் டிரம், விசிறி, சல்லடை, எலிவேட்டர் ஆகிய அனைத்தும் எஞ்சினின் சுற்று வேகத்தை நம்பியே ஓடுகின்றன. ஆகையால் எஞ்சின் சுற்று எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். பயிரின் அடர்த்திக்கும் சாய்வுக்கும் ஏற்ப நகரும் வேகம் மட்டுமே கூடவோ குறையவோ வேண்டும். பழைய வண்டியில் கியரும், விட்டம் மாறும் பெல்ட் புல்லியும் இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கியருக்குள் புல்லியைக் கொண்டு வேகத்தை ஓரளவு மாற்றலாம். அதற்கும் குறைவான வேகம் வேண்டுமென்றால் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற வேண்டும். அனுபவம் இல்லாத ஓட்டுநர் அடர்ந்த பயிரைக் கண்டதும் அந்தச் சிரமத்தைத் தவிர்த்து ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிடுவார். உடனே டிரம் தளர்ந்து கதிரில் மணி தங்கிவிடும். விசிறி தளர்ந்து டேங்கில் பதர் சேரும். கொள்முதல் நிலையத்தில் தூசி அதிகம் என்று மூட்டையைத் தள்ளிவைக்கும்போது பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது; உண்மையில் தவறு அந்த மிதியில் நடந்தது.

புதிய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கி இருக்கிறது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்ற, பம்பிலிருந்து வரும் எண்ணெய் சக்கரத்தையோ பெல்ட்டையோ சுற்றும் மோட்டாரை இயக்குகிறது. ஒரே நெம்புகோலை முன்னும் பின்னும் நகர்த்தினால் நின்ற நிலையிலிருந்து முழு வேகம் வரையிலும், பின்னோக்கியும் வண்டி சீராகச் செல்லும். எஞ்சின் சுற்று மாறாது. சிறு கழனிகளில் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கும் நம் நிலைமைக்கு இது பெரும் வசதி. பழைய வண்டியைக் கைதேர்ந்த ஓட்டுநர் ஓட்டினால் இதே சீர்மையைக் கொண்டுவர முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய அமைப்பு கைத்தேர்ச்சியின் தேவையைக் குறைத்திருக்கிறது, இல்லாமல் ஆக்கிவிடவில்லை.

மூன்றாவது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் டயர், பெல்ட் வேறுபாடு. 14 அடி அகலத்துக்கு அறுக்கும் டயர் வண்டியின் எடை 8 டன்னை ஒட்டி இருக்கும். டேங்க் நிறைந்தால் அதற்கும் மேல். 2 மீட்டர் அகலத்துக்கு அறுக்கும் பெல்ட் வண்டியின் எடை ஏறத்தாழ 3 டன். எடையைவிட அது மண்ணில் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதே முக்கியம். 45 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் தரையில் படியும் இரண்டு ரப்பர் பெல்ட்டுகளைக் கணக்கில் கொண்டால், மொத்தப் பரப்பு 13,500 சதுர சென்டிமீட்டர். 3,000 கிலோவை அதனால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.22 கிலோதான் வருகிறது. வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் ஒரு காலை ஊன்றும் மனிதர் தரும் அழுத்தமும் இதே அளவில்தான் இருக்கும். டயர் வண்டியின் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு.

இந்தக் கணக்கு எப்போது பொருட்படுத்தத் தக்கது என்பதைப் பருவம்தான் முடிவு செய்கிறது. சம்பாப் பருவ நெல் மார்கழி, தை மாதங்களில் அறுப்புக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையின் நீர் ஏரிகளில் நிற்கிறது. காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளின் ஆயக்கட்டில், குறிப்பாக மதகுக்கு அருகிலுள்ள தாழ்ந்த கழனிகளில், கசிவு நீரால் மண் இறுகுவதே இல்லை. அங்கே டயர் வண்டியை இறக்கினால், சிக்கிக்கொண்ட வண்டியை இழுக்க இன்னொரு வண்டியைத் தேட வேண்டியிருக்கும். சொர்ணவாரிப் பருவ அறுப்பு ஆவணியை ஒட்டி வருகிறது. மாலை மழை பெய்தால் காலையில் நிலம் என்னவாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நவரைப் பருவ நெல் மட்டும் சித்திரை வெயிலில் அறுப்புக்கு வருகிறது. கிணற்று நீரைப் பத்து, பன்னிரண்டு நாள் முன்பே நிறுத்திக் காயவிட்ட கழனியில் டயர் வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அதற்குப் பெல்ட் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது வீண் செலவு. பெல்ட் வண்டியும் மண்ணுக்கு முற்றிலும் தீங்கற்றதன்று. ஒரு பெல்ட்டை நிறுத்தி மறு பெல்ட்டை ஓட்டித் திரும்பும்போது அது சேற்றை வாரி மேடாக்கிவிடுகிறது. வரப்பின் மேல் ஏறித் திரும்பினால் வரப்பே கரைந்துபோகிறது. நெல்லுக்குப் பின் உளுந்து தெளிக்க எண்ணுவோர், எந்த மூலைகளில் திரும்ப வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வைக்கோல் விஷயத்தில் இரண்டு வகைகளுமே கையால் அறுத்த காலத்துத் தாளைத் திருப்பித் தருவதில்லை. ஆள் வைத்து அறுக்கும்போது அடித்தாள் வரை கிடைக்கும். இயந்திரம் ஒரு சாண் உயரக் கட்டையை விட்டுவிடுகிறது. டிரம்முக்குள் சென்ற தாள் துண்டுபட்டும் கசங்கியும் வெளிவருகிறது. கறவை மாட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறிய இழப்பன்று. கதிரை மட்டும் உள்ளே விட்டுத் தாளை வெளியிலேயே பிடித்து முழுதாகக் கொடுக்கும் வகை வண்டிகள் ஜப்பானில் 1960களிலிருந்தே உண்டு. நம் பக்கம் அவை புழக்கத்தில் வேரூன்றவில்லை. நாம் செய்யக்கூடியது, விழும் வைக்கோல் வரிசையின் மேல் வண்டி மீண்டும் ஏறாதபடி ஓட்டச் சொல்வதும், ஈரம் உலர்ந்ததும் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை அழைப்பதும்தான். அகலமாக அறுக்கும் வண்டியில் வரிசைகளின் எண்ணிக்கை குறைவு. குறுகிய வண்டியில் வரிசைகள் நெருக்கமாக விழுவதால் மிதிபடும் வாய்ப்பு அதிகம். டயர் வண்டிக்குச் சாதகமான இந்த ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை.

இனி இழப்பை அளக்கும் முறைக்கு வருவோம். எந்த வண்டி நல்லது என்ற விவாதத்தைக் கண்ணால் பார்த்து முடிக்க வழி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான்கு குச்சிகளைக் கட்டி உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வருமாறு ஒரு சட்டம் செய்துகொள்ள வேண்டும். அறுப்பதற்கு முன் பயிருக்கிடையே அதனை வைத்துத் தானாக உதிர்ந்து கிடக்கும் மணிகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அது இயந்திரத்தின் குற்றமன்று, பல நேரங்களில் அறுப்பைத் தள்ளிப்போட்ட நம் குற்றம். வண்டி கடந்த பிறகு அதே அளவுச் சட்டத்தை வைத்து, வைக்கோலை உதறி, கதிரில் தங்கியவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவது இயந்திர இழப்பு.

ஆயிரம் நெல்மணியின் எடையைச் சராசரியாக 20 கிராம் என்று கொள்வோம். குண்டு ரகத்துக்குச் சற்றுக் கூடும், சன்ன ரகத்துக்குக் குறையும். 500 மணி என்றால் 10 கிராம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். கழனி முழுதும் சதுர மீட்டருக்கு 500 மணி சிந்தியிருந்தால், ஏக்கருக்கு 40 கிலோவுக்குச் சற்று மேல் போகிறது. கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்று அப்படியே மண்ணில் கிடக்கிறது என்று பொருள். இதில் தொடக்கநிலையில் இருப்போர் தவறும் இடம் ஒன்று உண்டு. வைக்கோலோடு வரும் இழப்பு வண்டி அறுத்த முழு அகலத்திலும் விழுவதில்லை. வண்டியின் பின்புறத்துக் குறுகிய பட்டையில் குவிந்து விழுகிறது. 14 அடிக்கு அறுத்து 4 அடிப் பட்டையில் கொட்டும் வண்டியின் பின்னால் 700 மணி எண்ணினால், அதனை மூன்றரையால் வகுத்து 200 என்றே கொள்ள வேண்டும். பட்டையில் மட்டும் பார்த்துவிட்டு வண்டிக்காரரோடு சண்டைக்குப் போவதும், பட்டைக்கு வெளியே மட்டும் பார்த்துவிட்டு இழப்பே இல்லை என்று மகிழ்வதும் ஒரே வகைத் தவறுகள்.

எண்ணியதை வைத்து எங்கே கோளாறு என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். கதிரிலேயே மணி தங்கியிருந்தால் டிரம் வேகம் போதவில்லை, அல்லது கான்கேவ் இடைவெளி அதிகம். மணி கதிரை விட்டுப் பிரிந்தும் வைக்கோலுக்குள் கிடந்தால் வண்டி வேகமாக நகர்கிறது. கூளத்தோடு நல்ல மணி கிடந்தால் விசிறிக் காற்று மிகுதி. டேங்கில் உடைந்த அரிசி தென்பட்டால் டிரம் வேகம் அதிகம் அல்லது இடைவெளி குறைவு. கத்திப் பட்டைக்கு முன்னாலேயே மணி உதிர்ந்து கிடந்தால் ரீல் பயிரை அளவுக்கு மீறி அடிக்கிறது. இந்தத் திருத்தங்களைப் பழைய வண்டியில் இறங்கி ஸ்பானர் கொண்டு செய்ய வேண்டியிருப்பதால் பலர் செய்வதே இல்லை. புதியவற்றில் சிலவற்றை இருக்கையிலிருந்தே மாற்றலாம்.

வாடகைக் கணக்கும் இதேபோல் எளிதுதான். அறுக்கும் அகலத்தை நகரும் வேகத்தால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு பரப்பு என்பது வரும். 4.2 மீட்டர் அகல வண்டி மணிக்கு 2.5 கிலோமீட்டர் சென்றால் 10,500 சதுர மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கருக்கு மேல். 2 மீட்டர் அகல வண்டி 3 கிலோமீட்டர் சென்றால் 6,000 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். திரும்புவதற்கும் டேங்கைக் காலி செய்வதற்கும் போகும் நேரத்தைக் கழித்தால் இரண்டிலும் மூன்றில் இரு பங்கு நிற்கலாம். ஆனால் கால் ஏக்கர், அரை ஏக்கர் என வரப்பு வெட்டிய கழனிகளில் பெரிய வண்டியின் கழிவு மிக அதிகம். பனை மரம் நிற்கும் மூலையிலும் கிணற்றுமேட்டு ஓரத்திலும் அது நெருங்கவே முடியாமல் விட்டுப்போகும் பயிரை ஆள் வைத்து அறுக்க வேண்டும். ஆகவே மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், இதே போன்ற கழனியில் ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பக்கத்துக் கழனிக்காரரிடம் கேட்டுப் பெருக்கிப் பார்க்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் இரு வகை இயந்திரங்களையும் வாடகைக்குத் தருகிறது. தமிழக அரசின் உழவன் கைபேசிச் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். அறுப்பு உச்சத்தில் வரிசை நீளும் என்பதால் முன்னதாகவே பதிவது நல்லது.

ஈரப்பதத்தைப் பற்றி ஒரு சொல். நெல்லை 20 முதல் 25 விழுக்காடு ஈரத்தில் அறுப்பது உதிர்வுக்கும் உடைவுக்கும் நடுவிலான நல்ல நிலை. கொள்முதல் நிலைய வரம்பு 17 விழுக்காடு. எவ்வளவு புதிய இயந்திரமும் இடையிலுள்ள இந்த ஈரத்தைப் போக்காது. களம் தயாராக இல்லாமல் வண்டியை அழைப்பது, இரவில் குவித்த நெல் சூடேறிப் பழுப்பதற்கே வழி செய்யும்.

வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் விளைச்சலை இடம் இடமாகப் பதியும் கருவி, பின்னால் விழும் மணிகளை உணர்ந்து எண்ணும் தகடு, செயற்கைக்கோள் துணையோடு நேர்கோட்டில் ஓட்டும் வசதி ஆகியவை உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே துண்டாக இருக்கும் இடங்களுக்கு அவை பொருள் உடையவை. நமக்கு மேலே சொன்ன குச்சிச் சட்டமே இப்போதைக்குப் போதும்.

விதை நெல் பயிரிடுவோர் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். வண்டி உங்கள் கழனிக்கு வருமுன் வேறு ஊரில், வேறு ரகத்தை அறுத்திருக்கும். எலிவேட்டரின் அடியிலும் திருகு உருளைத் தொட்டியிலும் அந்த நெல்லும் களை விதைகளும் தங்கியிருக்கும். அடிக் கதவுகளைத் திறந்து, வண்டியைச் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, முதலில் அறுக்கும் இரண்டு மூன்று மூட்டைகளைத் தனியே பிரித்து வைத்தால் கலப்பு பெருமளவு குறையும். கோ 51 ரகத்தை அறுத்த வண்டி பிபிடி 5204 ரகக் கழனிக்குள் நேரே இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஆரணிப் பக்கத்து ஆலைக்காரர்கள் ஒரு கைப்பிடி நெல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாடகைக்கு விடும் எண்ணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்க நினைப்பவர், வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. டயர் வண்டியில் டிரம்மின் முட்கள், கான்கேவ் கம்பிகள், உதறும் தட்டுகளைத் தாங்கும் புஷ்கள், வேகம் மாற்றும் புல்லியின் பெல்ட் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் உள்ளூர் லேத் பட்டறையிலும் உதிரிபாகக் கடையிலும் சரிசெய்துவிடலாம் என்பது அவ்வகையின் பெரும் பலம். பெல்ட் வண்டியில் ரப்பர் பெல்ட்டின் உள்ளே இருக்கும் எஃகு நாண் வெளியே தெரிகிறதா, பல்சக்கரத்தின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கின்றனவா, கீழ் உருளைகள் ஆடுகின்றனவா என்று பார்ப்பதோடு, எண்ணெய் நன்கு சூடான பிறகு ஏற்றத்தில் ஓட்டி இழுவை குறைகிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்ப் தேய்ந்திருந்தால் குளிர்ந்த நிலையில் தெரியாது. அரை மணி நேரம் வேலை செய்த பின்னரே வண்டி தளரும். அதனால் பேரம் பேசுவதற்கு முன், விற்பவர் ஒப்புக்கொண்டால், நடந்துகொண்டிருக்கும் அறுப்பு ஒன்றுக்கே போய், நண்பகலில், டேங்க் நிறைந்த நிலையில் அது ஓடுவதைப் பார்த்துவிடுவது மேல்.